பாதி தேய்த்து வந்த சட்டை

1. மறதியே இல்லாத ஊர்

மட்டாஞ்சேரியில் எவருக்கும் மறதி இல்லை என்று எங்கள் ஆய்வின் முதல் மாதம் சொன்னது. அறுபது வயதைத் தாண்டி வந்த எல்லோரும் முழு மதிப்பெண். ஆய்வுக்குப் பொறுப்பாளர் நான். இதை அப்படியே எழுதி அனுப்பினால் உலகத்து மருத்துவர்கள் முதலில் மட்டாஞ்சேரித் தண்ணீரைப் பரிசோதிக்க வருவார்கள். அதில் ஒன்றும் கிடைக்காவிட்டால் என்னைப் பரிசோதிப்பார்கள்.

என்ன ஆய்வு என்று சொல்லிவிடுகிறேன். நான் எர்ணாகுளத்தில் ஒரு மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவன். பக்கவாதமும் டிமென்ஷியா என்னும் மறதி நோயும் என் துறை. வெளியே தெரியாத சிறு பக்கவாதங்கள் பிற்காலத்தில் மறதி நோயாக எப்படி முடிகின்றன என்பதைத்தான் பல வருடங்களாகப் பின்தொடர்ந்து வருகிறேன். கொச்சியில் தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் மலையாளத்தில் கேட்டால் கொஞ்சம் தயங்குவார்கள். சென்னையில் அச்சடித்த கேள்விகளைப் படித்துக் காட்டினால் இன்னும் அதிகமாகத் தயங்குவார்கள். ஆகவே அவர்கள் பேசும் தமிழிலேயே ஒரு நினைவுப் பரிசோதனை தயாரித்தோம். முழுக்க வாய்வழி. முதல் நாள் கடிகாரப் படம் வரையச் சொன்னபோது ஒரு பெரியவர் பென்சிலைத் திருப்பி நீட்டி, "சாரே, எனக்குப் படம் வரையற சீக்கு இல்ல" என்று எழுந்து போய்விட்டார். அன்றே வரையும் பகுதியை எடுத்துவிட்டோம்.

கேள்வி கேட்பவர் பிந்து. எங்கள் உளவியலாளர், ஆலப்புழைக்காரர். தமிழை இங்கே வேலை செய்துகொண்டே கற்றவர். எதற்கும் பதற மாட்டார், யாரையும் விட்டுவைக்கவும் மாட்டார்.

முகாம் நடந்தது சலவைத் தொழிலாளர் சங்கத்தின் கூடத்தில். பின்னால் துவைக்கும் தொட்டிகள், நடுவே கொடிகள், முன்னால் வரிசையாக இஸ்திரி மேசைகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தொட்டியும் ஒரு மேசையும் சங்கம் ஒதுக்கியிருந்தது. வேலை ஓடாது என்று கமிட்டி முடிவு செய்தால் அந்த மேசை அடுத்து காத்திருப்பவருக்குப் போகும். இந்த விதி எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர்களோ முகாம் பலகையைப் பார்த்தவுடனேயே இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டார்கள். டாக்டரிடம் தோற்றால் மேசை போய்விடும்.

முதலில் வந்தவர் செல்லக்கனி அக்கா. பிந்து வழக்கம்போல, "தாமரை, குடை, பெட்டி. இந்த மூணும் ஓர்மையில வச்சுக்கணும். கொஞ்சம் கழிச்சுக் கேப்பேன்" என்றார். அக்கா சரியாகச் சொன்னார், வெளியே போனார். அவர் வெளியே போய் என்ன செய்தார் என்பது நான்காவது வாரம் தெரிந்தது.

அன்று ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிந்து வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"தாமரை, குடை, பெட்டி. இன்னைக்கு வியாழன். நூத்துல ஏழு போனா தொண்ணூத்தி மூணு. போகட்டா?"

பிந்து என்னைப் பார்த்தார். நான் பிந்துவைப் பார்த்தேன். இருவரும் எழுந்து பின்பக்கம் போனோம். தொட்டிகளில் வரிசையாக ஆட்கள் துணியை ஓங்கிக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல். "தாமரை!" தொப். "குடை!" தொப். "பெட்டி!" தொப். "தொண்ணூத்தி மூணு!" தொப். முதல் தொட்டியில் நின்று எடுத்துக்கொடுத்தவர் செல்லக்கனி அக்கா.

"என்னக்கா இது?" என்றார் பிந்து.

"பாட்டு மோளே. துவைக்கிறப்பப் பாடறது."

"எப்போ உள்ள பாட்டு?"

"எங்க முப்பாட்டன் காலத்துப் பாட்டு."

"முப்பாட்டன் நூத்துல ஏழு கழிச்சாரா?"

அக்கா துணியைப் பிழிவதில் மும்முரமாகிவிட்டார்.

அடுத்த வாரம் சொற்களை மாற்றினோம். வாழைப்பழம், ரயில், செருப்பு. பிந்து தெளிவாகச் சொல்லி, சற்று நேரம் கழித்துக் கேட்டார். எதிரே இருந்த பாட்டையா கண்ணை மூடி, "தாமரை, குடை, பெட்டி" என்றார்.

"நான் சொன்னது அதில்லையே?"

"நீங்க தப்பாச் சொன்னீங்க மோளே. சரியானது இதாக்கும்."

அதுவரை சேர்த்த தகவல் எல்லாம் குப்பைக்குப் போனது. அதில் செல்லக்கனி அக்காவின் கணவர் மாசிலாமணி அண்ணனின் முழு மதிப்பெண்ணும் ஒன்று. அவரைப் பரிசோதித்த அன்று நான் அவரைப் பார்க்கவில்லை. கேள்வி கேட்டவர் பிந்து, கையெழுத்துப் போட்டவன் நான். முகாம் தொடங்கியதிலிருந்து என் சட்டைகளைத் துவைத்துத் தேய்ப்பவர் அவர் என்ற அளவில்தான் எனக்குப் பழக்கம். தேய்ப்பு என்றால் அப்படி ஒரு தேய்ப்பு. சிரட்டைக் கரி போட்ட பித்தளை இஸ்திரிப் பெட்டி. மடிப்பைத் தொட்டால் காகிதம்போல் நிற்கும்.

2. வெலிங்டன் தீவில் ஒரு சொற்பொழிவு

அந்த வாரக் கடைசியில் வெலிங்டன் தீவில் ஒரு ஓட்டலில் மருத்துவர்கள் கூட்டம். பக்கவாதத்தின் எளிதில் தவறவிடும் அறிகுறிகள் என்பது என் தலைப்பு. காலையில் வீட்டில் கரண்ட் இல்லை. மாசிலாமணி அண்ணனிடமிருந்து வந்த கட்டின் மேலே இருந்த வெள்ளைச் சட்டையை அரைகுறை வெளிச்சத்தில் போட்டு, மேலே கோட்டையும் போட்டுக் கிளம்பிவிட்டேன். பொதுவாக நான் அப்படிக் கிளம்புகிற ஆள் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

மேடை ஏறிய கொஞ்ச நேரத்தில் ஏசி நின்றுபோனது. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் தொடர்ந்தேன். பேச்சு வலது மூளையில் வரும் ஒரு வகைப் பக்கவாதத்துக்கு வந்தது. இந்த நோயாளிக்குக் கண் தெரியும், கை கால் அசையும், பேச்சு தெளிவாக இருக்கும். ஆனால் இடது பக்கம் என்று ஒன்று உலகில் இருப்பதையே மூளை கணக்கில் எடுக்காது. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டுச் சோறு போதவில்லை என்பார். கேட்டால் தனக்கு ஒன்றுமே இல்லை என்பார், அதையும் உண்மையாக நம்பியே சொல்வார்.

இதைச் சொல்லிவிட்டுத் திரையைச் சுட்டிக்காட்டத் திரும்பினேன். அரங்கில் சிரிப்பு. திரும்பி அவர்களைப் பார்த்தேன். இன்னும் பெரிய சிரிப்பு. என் பேச்சுக்கு இதுவரை யாரும் சிரித்ததில்லை. நன்றாகத்தான் பேசுகிறேன்போல என்று எண்ணி, இன்னும் இரண்டு முறை திரும்பினேன். இரண்டு முறையும் சிரித்தார்கள்.

இறங்கியதும் என்னோடு படித்த ஒரு நண்பர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எடோ, கலக்கிட்டே. சட்டையை வச்சே டெமோ காமிச்சது நல்ல புத்தி."

"என்ன சட்டை?"

அவர் முகம் மாறியது. "நீ தெரிஞ்சு போட்டது இல்லையா?"

கழிவறைக்கு ஓடிக் கண்ணாடியில் பார்த்தேன். முன்பக்கம் என் இடது பாதி கத்திபோல் தேய்த்திருந்தது. வலது பாதி பிழிந்து காயப்போட்ட கோலத்திலேயே இருந்தது. சட்டையைக் கழற்றிச் சுவரில் விரித்துப் பின்பக்கம் பார்த்தேன். அங்கே வலது பாதி தேய்த்திருந்தது, இடது பாதி சுருக்கம்.

இளம் மருத்துவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். சோம்பலில் ஒருவர் பாதி சட்டையை விட்டிருந்தால் முன்னும் பின்னும் ஒரே பக்கத்தைத்தான் விட்டிருப்பார். இங்கே முன்னால் ஒரு பக்கம், பின்னால் மறுபக்கம். சட்டையை மேசையில் காலர் எதிரே இருக்கும்படி விரித்து, முதலில் முதுகைத் தேய்த்து, பிறகு திருப்பிப்போட்டு மார்பைத் தேய்ப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். இரண்டு தடவையும் விடுபட்டது சட்டையின் ஒரே பக்கம் இல்லை. தேய்ப்பவருக்கு எது இடமோ, அதுதான்.

நான் வெறும் மேலோடு நின்று, சுவரில் சட்டையைத் திருப்பித் திருப்பி வைத்து, கையால் காற்றில் இஸ்திரி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓட்டல் காவலாளி உள்ளே வந்தார். சிறிது நேரம் பார்த்தார்.

"சாரே, இவிட குளிக்கப்பிடாது" என்றார்.

3. வலது, வலது, வலது

பிந்துவுக்குப் போன் செய்தேன். "மாசிலாமணி அண்ணனுக்குப் பக்கவாதம்."

"சேட்டனுக்கா? சாரே, அவருக்கு ஃபுல் மார்க்."

"என் சட்டைக்கு ஐம்பதுதான்."

பயத்துக்குக் காரணம் இருந்தது. முந்தைய மாதம் கட்டாக வந்த சட்டைகள் எல்லாம் ஒழுங்காக இருந்தவை. அப்படியானால் இது புதிதாக வந்தது. இப்படித் திடீரென வரும் பக்கவாதம் ரத்தக்கட்டி ஒன்று இதயத்திலிருந்து மூளைக்குப் போனதால் இருக்கலாம். ஒரு கட்டி போன வழியில் இன்னொன்றும் போகும். அது பேச்சையோ உயிரையோ எடுத்துக்கொண்டு போகலாம். அது ஒரு பக்கம். மறுபக்கம், இடது பக்கமே தெரியாத அந்த மனிதர் தினமும் மொபெட்டில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, மசாலா லாரிகள் நிற்கும் பஜார் தெருவில் டெலிவரிக்குப் போகிறார்.

பாலம் தாண்டி மட்டாஞ்சேரி சேர்வதற்குள் பிந்து கூடத்துக்கு முன்பே வந்து நின்றிருந்தார். செல்லக்கனி அக்கா மேசையருகே நின்றார். பக்கத்தில் சங்கத் தலைவர் ராஜப்பன். இருவர் முகத்தையும் பார்த்தாலே ஏற்கனவே ஒரு சண்டை முடிந்திருப்பது தெரிந்தது.

"டாக்டரே, நீங்களே நியாயம் சொல்லுங்க" என்றார் தலைவர். "ரெண்டு வாரமா கம்ப்ளைண்ட். கொச்சங்காடி வக்கீல் கோர்ட்டுக்குப் போய் நின்னப்ப, ஜட்ஜே கேட்டாராம், எந்தா வக்கீலே பாதி தேய்ச்சதும் புறப்பட்டீங்களான்னு. பள்ளிக்கூடத்துத் திரைச்சீலை பாதி. கல்யாண மண்டபத்து மேசைவிரிப்பு பாதி. ஃபோர்ட்டுகொச்சியில ஒரு ஓட்டல்காரி மட்டும் இது நல்ல டிசைன்னு, இன்னும் இருபது விரிப்பு வேணும்னு கேக்கறா. அதை வச்சு சங்கம் நடத்த முடியுமா?"

"அவருக்கு ஒரு குழப்பமும் இல்ல" என்றார் அக்கா. "தாமரை, குடை, பெட்டி எல்லாம் டக்குடக்குனு சொல்லுவாரு. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாரு."

"வார்த்தை இருக்கட்டும் அக்கா. சாப்பாடு எப்படி?"

அக்கா தலைவரைப் பார்த்தார். தலைவர் காதில் விழுந்தால் மேசை போகும். சொல்லாவிட்டால் ஆள் போகலாம். அக்காவுக்குத் தேர்ந்தெடுக்க அதிக நேரம் ஆகவில்லை.

"சோத்துல பாதிய வச்சுட்டு இன்னும் போடுங்கறாரு" என்றார். "மீனு அந்தப் பக்கம் இருந்தா, மீனு எங்கேன்னு சண்டை. தட்டைத் திருப்பி வச்சா, ஆங், இப்ப வச்சியே, மொதல்ல ஏன் வைக்கலங்கறாரு. நான் திமிருனு நெனச்சேன் டாக்டரே. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவருக்குத் திமிருதான்."

"இப்போ எங்கே?"

"டெலிவரிக்குப் போனாரு. இப்பெல்லாம் ரொம்ப லேட்டாகுது."

ஏன் லேட்டாகிறது என்பதும் புரிந்தது. தெருவில் வலது கைப் பக்க வீடுகளுக்கு மட்டும் துணி போய்க்கொண்டிருந்தது. இடது கைப் பக்க வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து கேட்க, அண்ணன் மறுபடி மறுபடி போயிருக்கிறார். அண்ணன் ஒரு நாள் எதிர்த் திசையிலிருந்து வந்தாராம்; அன்று அவர்களுக்குக் கிடைத்து, மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை.

காரில் தேடக் கிளம்பினோம். இடப்பக்கச் சந்துகள் அவர் கண்ணில் பட வாய்ப்பில்லை, வலப்பக்கமாகத்தான் திரும்புவார் என்று கணக்குப் போட்டு, முதல் வலது திருப்பத்தில் காரைத் திருப்பினேன். இல்லை. அடுத்த வலது. அங்கும் இல்லை. ஒரு சாயாக்கடையில் கேட்டோம். "மாசிலாமணி சேட்டனா? இப்பத்தான் போனாரு" என்று ஒருவர் வலது பக்கம் கை காட்டினார். மூன்றாவது வலது. என் கணக்கு சரியாகப் போகிறது என்று பிந்துவிடம் சொன்னேன். நான்காவது வலதில் திரும்பியபோது நாங்கள் புறப்பட்ட கூடத்தின் வாசலிலேயே வந்து நின்றோம். மாசிலாமணி அண்ணன் மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சாரே, வலது பக்கமா நாலு தடவை திரும்பினா தொடங்கின இடம்தானே வரும்?" என்றார் பிந்து. வழியிலேயே சொல்லியிருக்கலாம்.

நான் அண்ணனின் இடது பக்கமாகப் போய், "அண்ணே" என்றேன். பதில் இல்லை. இன்னும் கிட்டப் போய்க் கூப்பிட்டேன். அவர் வலது பக்கம் திரும்பிப் பார்த்து, அங்கே நின்ற கொடிக்கம்பத்திடம், "வாங்க டாக்டரே" என்றார்.

நாடியைப் பிடித்தேன். ஒழுங்கில்லாமல் துள்ளியது. மொபெட் சாவியை அக்கா தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அண்ணனை அதே காரில் ஏற்றினோம்.

4. தலையணை உறை

ஸ்கேனில் வலது மூளையின் பின்புறம் ஒரு புதிய தழும்பு. ஈசிஜியில் இதயத்தின் மேலறை துடிப்பதற்குப் பதில் நடுங்கிக்கொண்டிருந்தது. ரத்தக்கட்டி எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே விடை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை தொடங்கினோம். அடுத்த கட்டியைத் தடுக்க அது போதும். போன இடது பக்கத்தைத் திரும்பக் கொண்டுவர மாத்திரை கிடையாது, பயிற்சிதான்.

பயிற்சிக்கு முதல் தேவை, தனக்கு ஒரு குறை இருப்பதாக நோயாளி ஒப்புக்கொள்வது. இந்த நோயின் முதல் இயல்பே அதை ஒப்புக்கொள்ள விடாது என்பதுதான்.

"எனக்கு ஒரு குழப்பமும் இல்ல" என்றார் அண்ணன், படுக்கையில் சாய்ந்தபடி. "தாமரை, குடை..."

"அது வேண்டாம் அண்ணே. இந்த உறையைத் தேய்ங்க" என்று வார்டுக்குள் ஒரு மேசை போட்டு, ஒரு தலையணை உறையையும் மின்சாரப் பெட்டியையும் கொடுத்தேன்.

கரண்டுப் பெட்டியை அவர் மதிக்கவில்லை. இருந்தாலும் கை தானாக வேலை செய்தது. தண்ணீர் தெளித்து, நீவி, அழுத்தி, வலது பாதியைப் பளபளவென்று முடித்தார். பெட்டியை வைத்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"முழுக்க?"

"டாக்டரே, நான் எத்தனை வருஷமா தேய்க்கிறேன்?"

நான் உறையை அரை வட்டம் சுற்றி வைத்தேன். இப்போது சுருங்கிய பாதி அவர் வலது பக்கம் வந்தது. அவர் அதை உற்றுப் பார்த்தார். முகம் சிவந்தது.

"செல்லக்கனி! இதை யாரு தேய்க்காம வச்சது?"

"நீங்கதான்."

"நான் தேய்ச்சது எங்கே?"

"அதேதான் இது."

"என்னைப் பைத்தியம்ங்கறியா?"

அவர் சுருங்கிய பாதியையும் தேய்த்தார். உறை முழுமையானது. தான் முதலில் தேய்த்த உறையை நாங்கள் ஒளித்து வைத்திருப்பதாக அன்று மாலை வரை தேடினார். தலையணைக்குக் கீழே, கட்டிலுக்கு அடியில், பிந்துவின் பையில். வலது பக்கங்களில் மட்டும்.

அடுத்த நாள் உறையின் ஒரு ஓரத்தில் மையால் ஒரு குறி போட்டு, அவரிடமே காட்டிவிட்டுத் தேய்க்கச் சொன்னேன். சலவைக்காரருக்குத் துணிக்குறி என்பது கையெழுத்து மாதிரி. அதில் வாதம் கிடையாது. தேய்த்ததும் சுற்றி வைத்தேன். குறியைப் பார்த்தார். சுருக்கத்தைப் பார்த்தார். மறுபடி குறியைப் பார்த்தார்.

"அப்ப வக்கீல் சட்டை?" என்றார்.

"ஆமா அண்ணே."

"மண்டபத்து விரிப்பு?"

"அதுவும்."

"மேசை போயிடுமா?"

உடல்நிலை பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

5. சிவப்பு நாடா

தலைவர் ராஜப்பன் கெட்டவர் இல்லை. ஆனால் மேசைக்காகக் காத்திருப்பவர்களும் அவர் ஆட்கள்தான். "டாக்டர் சொல்றதுக்காக ஒரு மாசம்" என்றார். "அடுத்த கமிட்டியில, எல்லார் முன்னாலயும், என் சட்டை. முழுசாத் தேய்ச்சா மேசை அவருக்கு. பாதி தேய்ச்சா அடுத்தாளுக்கு. நான் வேற என்ன செய்ய?"

பயிற்சியைப் பிந்து எடுத்துக்கொண்டார். கூடத்தில் அண்ணனின் மேசையில், இடது விளிம்பில் கையகல சிவப்பு நாடா ஒட்டினார். விதி ஒன்றே ஒன்று. பெட்டியைக் கீழே வைக்கும் முன் இடது கையை விளிம்போடு நகர்த்தி நாடாவைத் தொட வேண்டும். பிறகு கண்ணை அங்கே கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து தேய்த்துக்கொண்டு திரும்பி வர வேண்டும். அண்ணனுக்கு அந்த நாடா இருப்பதே நினைவில் நிற்கவில்லை. அதனால் நாடாவுக்குப் பக்கத்தில் செல்லக்கனி அக்காவையும் நிறுத்தினோம்.

நாடா பேசாது. அக்கா பேசுவார்.

"இடது! மனுஷா, இடது! நான் நிக்கிற பக்கம்!"

"நீ எங்க நிக்கிறே?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இங்கதான் நிக்கிறேன்!"

"தெரியலியே."

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"அப்ப எனக்கு இந்தச் சீக்கு கல்யாணத்தன்னைக்கே வந்திருக்கு" என்றார் அண்ணன். கூடமே சிரித்தது. சிரிப்பு இடது பக்கத்திலிருந்தும் வந்ததால் அவர் அங்கே திரும்பிப் பார்த்தார். பிந்து அதை உடனே குறித்துக்கொண்டார். தானாக இடது பக்கம் திரும்பியது அதுவே முதல் முறை.

அதன்பிறகு மருத்துவப் புத்தகங்களில் இல்லாத ஒரு சிகிச்சை நடந்தது. போகிற வருகிற ஒவ்வொருவரும் அவர் இடது பக்கம் நின்று ஒரு கேலியை வீசிவிட்டுப் போனார்கள். "அண்ணே, உங்க மீசை இந்தப் பக்கம் காணோம்!" "மாசிலாமணி, இந்தக் காது உன்னோடதா?" பதிலுக்குத் திட்ட வேண்டுமானால் ஆளைப் பார்க்க வேண்டும், ஆளைப் பார்க்க இடது பக்கம் திரும்ப வேண்டும். அண்ணன் கடன் வைக்கிற ஆள் இல்லை. நாள் ஆக ஆகத் திரும்பும் வேகம் கூடியது. சில நாட்கள் ஒழுங்காகத் தேய்ப்பார். சில நாட்கள் மறுபடி பாதி. களைத்த மாலைகளில் நாடாவே உலகில் இல்லாததுபோல் நிற்பார். அக்கா அப்போது திட்ட மாட்டார். பெட்டியை வாங்கி வைத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போவார்.

டெலிவரி நின்றது. மொபெட்டை விற்றுவிட்டார்கள். அக்காவே ஆட்டோவில் துணி கொண்டுபோனார். தெருவின் இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் ஒரே நாளில் துணி கிடைத்ததைக் கண்டு கோபித்து விட்டுப்போன இடக்கொச்சி வாடிக்கையாளர் ஒருவர்கூட இவர்களிடம் திரும்பி வந்தார்.

6. தலைவரின் சட்டை

கமிட்டி நாளன்று கூடம் நிரம்பியிருந்தது. எனக்கும் பிந்துவுக்கும் முன்வரிசையில் நாற்காலி. அக்கா இடது பக்கம் நிற்கக் கூடாது என்று தலைவர் நிபந்தனை போட்டார். சொல்லிக்கொடுத்தே ஒரு ஊரை டாக்டரிடம் முழு மதிப்பெண் வாங்கவைத்தவர் என்ற புகழ் அவருக்கு எதிராக வேலை செய்தது. அக்கா வாசலில் போய் நின்று, வாயை முந்தானையால் தானே பொத்திக்கொண்டார்.

தலைவர் தும்பைப்பூப்போல வெள்ளையான, கசங்கிய சட்டை ஒன்றை மேசையில் போட்டார். தானும் பக்கத்தில் வந்து, மேசை விளிம்பில் கையை ஊன்றி, குனிந்து நின்றார். எந்தப் பக்கம் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

அண்ணன் காலரைத் தேய்த்தார். சட்டையை விரித்து முதுகைத் தொடங்கினார். வலது பாதி முடிந்தது. பெட்டி நின்றது. அவர் அதைக் கீழே வைக்கப் போனார். அக்காவின் முந்தானைக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது. தலைவர் விரலை உயர்த்தி எச்சரித்தார்.

அண்ணன் பெட்டியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு இடது கை மேசை விளிம்பில் மெல்ல ஊர்ந்தது. நாடாவைத் தொட்டது. தலை திரும்பியது. "இருக்கு" என்றார், தனக்குத்தானே. பெட்டியை இடது கோடிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒரே இழுப்பாகத் தேய்த்துக்கொண்டு வந்தார். சட்டையைத் திருப்பிப் போட்டார். மறுபடி வலது பாதி. மறுபடி நிறுத்தம். மறுபடி கை ஊர்ந்தது. இம்முறை நாடா கிடைத்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மார்பின் இடது கோடியைத் தேய்த்தார், கைப்பகுதியைத் தேய்த்தார், சட்டை முடிந்த பின்னும் நிற்காமல் நாடாவைத் தேய்த்தார், அதற்கும் அப்பால் போனார்.

"கை! கை! என் கை!" என்று தலைவர் குதித்தார்.

மயிரிழையில் தப்பியது. மோதிரம் மட்டும் சூடாகிவிட்டது. தலைவர் விரலைத் தண்ணீர்ச் செம்பில் விட்டுக்கொண்டு நின்றார். அண்ணன் திகைத்துப் போய், "நீங்க அங்க நிக்கிறது தெரியல தலைவரே. சட்டையைத்தான் தேடிப் போனேன்" என்றார்.

தலைவர் சட்டையை எடுத்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கும் ஒரு சுருக்கம் இல்லை. அதைக் காத்திருப்போரில் முதலாவது ஆளிடம் நீட்டினார். அவரும் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல நான் தேய்க்க மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்தார்.

"மேசை மாசிலாமணிக்கே" என்றார் தலைவர். "ஆனா ஒரு தீர்மானம் போடணும். அந்த மேசைக்கு இடது பக்கம் அவர் சம்சாரம் தவிர ஒருத்தரும் நிக்கக் கூடாது. நானும் நிக்க மாட்டேன்."

அக்கா முந்தானையை எடுத்துவிட்டு, அதுவரை பொத்தி வைத்திருந்த அத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னார். அதில் எழுதக்கூடியது எதுவும் இல்லை. அண்ணன் சத்தம் வந்த திசையை நோக்கித் திரும்பினார்.

எங்கள் பரிசோதனையில் இப்போது ஒரு பகுதி கூடுதலாக இருக்கிறது. வருகிறவர் இந்த வாரம் தன் கையால் செய்த ஏதாவது ஒன்றைக் கொண்டுவர வேண்டும். அதனால் வியாழக்கிழமைகளில் எங்கள் மேசையில் பூச்சரம், தைத்த ரவிக்கை, உரித்த பூண்டு, மீன்குழம்பு எல்லாம் இருக்கும். மீன்குழம்பைப் பரிசோதிப்பது பிந்து. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: நோயாளி சொல்லும் பதிலைக் கேளுங்கள், ஆனால் அதோடு எழுந்துவிடாதீர்கள், அவர் கை செய்ததை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மட்டாஞ்சேரிக்கு வந்து மாசிலாமணி அண்ணனிடம் ஒரு சட்டையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டு நின்று பாருங்கள். தாராளமாகப் பேசுவார். வலது பக்கமாக நில்லுங்கள்.